வெண்கல ஜாக்

1. பெரிய வியாழன் பின்னேரம், பாலையூற்றுக்குப் போகும் வழியில் இருந்த சோதனைச் சாவடியில் ஸ்டோர் அக்காவின் பையைத் திறந்தார்கள்.

2. உள்ளே, சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே, பழந்துணியில் சுற்றியபடி முப்பத்திரண்டு போல்ட்டுகள் இருந்தன.

3. இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள்.

4. எங்கள் பட்டறையிலேயே பெரிய வாய் என்று பெயரெடுத்த ஸ்டோர் அக்கா வாயே திறக்கவில்லை.

5. "காட்ஸ் விளையாட" என்று நான் சொன்னேன்.

இந்த ஐந்தையும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவதுக்கு வந்ததும் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அன்று அந்தத் தகரக் கொட்டிலுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. போல்ட்டும் நட்டும் ஆணியும் ஒரு பைக்குள் சேர்ந்து வந்தால் குண்டுக்கான சாமான் என்று அர்த்தம் எடுப்பார்கள் என்பது அந்தப் போர் வருடங்களில் திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துணியை அவிழ்த்து மேசையில் கொட்டியபோது காவலுக்கு நின்ற சிப்பாய் பின்னால் நகர்ந்தான். எல்லாவற்றிலும் பெரிய வெண்கலப் போல்ட் தனியாக உருண்டு மேசை விளிம்பு வரைக்கும் போனது. அதன் அறுகோணத் தலைதான் அதை விழாமல் நிறுத்தியது. பயப்படவேண்டிய அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: அது ஆட்டின் ஜாக், அது கீழே விழக்கூடாது.

ஒரு போல்ட் எப்படி ஆட்டின் ஜாக், அதாவது சீட்டுக்கட்டின் இதய ஜாக், ஆனது என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படம் வரையும் பயிற்சியை முடித்துவிட்டு, உள்துறைமுகக் கரையில் இருந்த ஒரு படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடு தம்பலகாமத்தில். வீதி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று சொல்ல முடியாததால் நகரத்தில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தேன். வரைபட அறை மாடியில். கண்ணாடி யன்னலால் பார்த்தால் படகுகளை இழுத்து ஏற்றும் சாய்தளம் அப்படியே கீழே தெரியும். நான் வரைந்த எந்தப் படகையும் நான் கையால் தொட்டதில்லை. ஆண்கள் கீழே அளந்து, சிகரெட் பெட்டி மட்டையில் இலக்கங்களை எழுதிக்கொண்டு மேலே வருவார்கள். நான் அதைப் படமாக்குவேன். செய்து வந்த துண்டு பொருந்தினால் மேற்பார்வையாளரான போமன் நல்லாய் அளந்திருக்கிறார். பொருந்தாவிட்டால் படம் பிழை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: கலிப்பரை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கி அளக்கவேண்டும். கேட்கும்போதெல்லாம் போமன் மிகவும் அன்பாகவே மறுப்பார். "அங்கை முழுக்கக் கிரீஸ் பிள்ளை. உடுப்புப் பழுதாய்ப்போம்."

போமன் கெட்டவர் இல்லை. அவருக்கு யோசனைகள் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும், அவ்வளவுதான். சாய்தளத்துக்குப் பக்கத்தில் இருந்த கொட்டிலில், கவிழ்த்துப் போட்ட பெரிய கேபிள் உருளை ஒன்றைச் சுற்றி போமன், வெல்டிங் அண்ணை, டிரைவர், நேரம் குறிப்பவர் நான்கு பேரும் முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். கடைசிக் கை முடிந்து தேத்தண்ணி வரும்போது, யார் எந்தப் படகுக்கு, யார் அளக்கிறது, யார் வெட்டுகிறது என்பதெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். கந்தோரில் மேலாளர் ஒருவர் இருந்தார். அவர் கையெழுத்து மட்டும் வைப்பார்.

ஸ்டோர் அக்காவின் பொருட்களறை யன்னல் அந்தக் கொட்டிலைப் பார்த்தபடி இருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு கையையும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். முப்பது வயதைத் தாண்டியவர், பாலையூற்றுக் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர், கணவர் கப்பலில் வேலை. ஒரு நட்டு வேண்டுமென்றாலும் பழைய நட்டைக் கொண்டுவந்து காட்டாமல் தரமாட்டார். "உங்கட அப்பா வீட்டு நட்டோ?" என்று கேட்பார். முன்னூற்றி நாலின் வார்த்தைகள் எல்லாம் அவருக்குப் பாடம். ஆனால் ஒரு சீட்டைக்கூடக் கையில் பிடித்ததில்லை. நானோ வரைபட அறைக்கு அப்பால் எதையும் அறியாதவள்.

ஒரே மாதத்துக்குள் இரண்டு பேர் பட்டறையை விட்டுப் போனார்கள். டிரைவர் குடும்பத்தோடு கொழும்புக்கு, நேரம் குறிப்பவர் வெளிநாட்டுக்கு. மிஞ்சியது போமனும் வெல்டிங் அண்ணையும். இரண்டு பேர் முன்னூற்றி நாலு விளையாட ஏலாது. சீட்டுக்கட்டை பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடிவிட்டு, இருவரும் கடலைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தார்கள். அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. அக்கா அன்று பின்னேரம் படியேறி என் அறைக்கு வந்தார்.

"தங்கச்சி, ரெண்டு கதிரை காலியாய்க் கிடக்கு. கண்டியோ?"

"எனக்கு விளையாடத் தெரியாது அக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமோ? கேட்டுக் கேட்டுச் செவிதான் பழகிக்கிடக்கு. பழகுவம் வா."

அந்த வார இறுதி ஊரடங்கு. நான் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டதால் அங்கேயே தொடங்கினோம். முதல் தடை, நாங்கள் இரண்டு பேர். நான்கு கைகளைப் பகிர்ந்து, போமனுடையதையும் வெல்டிங் அண்ணையுடையதையும் நாங்களே விளையாடத் தீர்மானித்தோம். "இப்ப நீ போமன். போமன் மாதிரி முதல்ல இருமு" என்பார் அக்கா. இருமினால்தான் அந்தக் கையை எடுக்க விடுவார். அவர் வெல்டிங் அண்ணையாக மாறும்போது காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "என்ரை அம்மாவாணை இந்தக் கை சரியில்லை" என்று முனகுவார். தன் கையையும் எதிரியின் கையையும் ஒரே ஆள் பார்ப்பதால், பார்த்ததை மறந்தவளாக விளையாடவேண்டியிருந்தது. எனக்கு அது சிரமமாக இருந்தது. அக்காவுக்கு மிகச் சுலபம், ஏனென்றால் அவர் உண்மையாகவே மறந்துவிடுவார்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆட்டின், ஸ்கோப்பன், கிளாவர், டயமன் என்ற நான்கு இனத்திலும் ஏழு தொடக்கம் ஏஸ் வரைக்குமாக முப்பத்திரண்டு சீட்டுகள். ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிது, முப்பது புள்ளி. அடுத்தது ஒன்பது, இருபது புள்ளி. பிறகு ஏஸ் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராசா மூன்று, ராணி இரண்டு. எட்டும் ஏழும் பெறுமதி இல்லாதவை. எல்லாவற்றையும் கூட்டினால் முன்னூற்றி நாலு. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு. முதல் நான்கு சீட்டைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்கவேண்டும். கூடக் கேட்டவர் மற்ற இனங்களை வெட்டும் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன இனம் என்று அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. நான்கு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போட்டால் ஒரு பிடி, பெரியதைப் போட்டவர் அதை எடுப்பார். இதற்குள் ஒரு விசேஷமான சட்டம் இருக்கிறது. எட்டுப் பிடியும் தங்களுக்கே வரப்போகிறது என்று ஒரு பக்கத்துக்குத் தெரிந்தால், அதை முன்கூட்டியே 'கப்ஸ்' என்று சொல்லவேண்டும். எங்கள் பட்டறையில், ஏழாவது பிடி தொடங்க முன். சொல்லிவிட்டு ஒரு பிடியைத் தவறவிட்டால் தண்டம். சொல்லாமல் எட்டையும் எடுத்தாலும் தண்டம். வென்றும் தோற்கிற விளையாட்டு உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியாது.

இரண்டு மாதம் இப்படிப் பழகிய பிறகு அக்கா யன்னல் வலைக்குள்ளால் பந்தயத்தை அறிவித்தார்.

"போமன், நானும் தங்கச்சியும் வாறம். வெண்டால் அடுத்துக் கரையேறுற லோஞ்சுப் படகைத் தங்கச்சிதான் அளப்பா."

"தோத்தால்?"

"தோத்தால் நான் ஒரு மாசத்துக்கு மத்தியானத்திலை வாய் திறக்கமாட்டன்."

போமன் சிரித்தார். வெல்டிங் அண்ணை எழும்பி நின்று, "ஐயா, உடனை ஓம் எண்டு சொல்லுங்கோ. இப்பிடி ஒரு பரிசு இனிக் கிடையாது" என்றார்.

ஆளுக்குப் பதினொரு நட்டு, அதுதான் அங்கே கணக்கு. தோற்ற கைக்கு நட்டு எதிர்ப்பக்கம் போகும். தேத்தண்ணியோடு கடித்துக்கொள்ளத் தரும் பனங்கட்டியும் போகும். அக்கா தொடக்கத்திலேயே இரண்டு தரம் அவசரப்பட்டுக் கப்ஸ் சொல்லி, இரண்டு தரமும் கடைசிப் பிடியில் விட்டார். சீட்டுக் கொஞ்சம் நல்லாய் வந்தால் அவருக்கு எல்லாமே தன்னுடையதாகத் தெரியும். "அக்கா துரும்பு வைச்சால் அக்கரை மூதூரிலை நிக்கிறவனுக்கும் என்ன இனமெண்டு விளங்கும்" என்றார் வெல்டிங் அண்ணை. நான் அக்காவிடம் தாழ்ந்த குரலில், இனி அந்தச் சொல்லை என்னிடம் விட்டுவிடச் சொன்னேன். அவரும் விட்டுவிட்டார்.

கடைசிக் கையில் அது எங்களைத் தேடியே வந்தது. ஐந்தாவது பிடி எங்களிடம் வந்தபோது மிஞ்சிய சீட்டுகளை எண்ணினேன். அக்காவிடம் டயமன் ஏஸ் இருந்தால் எட்டும் எங்களுக்கு. இருக்கவேண்டும் என்று கணக்குச் சொன்னது. ஆனால் அக்காவின் கை எனக்குத் தெரியாதே. என் கையில் இல்லாத ஒன்றைப் பற்றி நான் எப்படிச் சொல்வது? வரைபட அறையில் எனக்குப் பழக்கமானது அதுதான். அளவு கையில் வரும்வரைக்கும் கோடு கீறமாட்டேன். பேசாமல் இருந்தேன். ஏழாவது பிடி வந்தது, எட்டாவதும் வந்தது. அக்கா டயமன் ஏஸை உருளையில் ஓங்கி அடித்தார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது.

போமன் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்தார். "கப்ஸ் சொன்னியோ பிள்ளை?"

"இல்லை. ஆனா எட்டும் எங்களுக்குத்தானே."

"தெரியுமோ முதலே?"

"தெரியும்."

"அப்ப நட்டுகளை இஞ்சாலை தள்ளு."

அக்கா ஒரு சொல்லும் பேசவில்லை. மௌன மாதம் அப்போதே தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் தன் பனங்கட்டியை வெல்டிங் அண்ணை பக்கம் நகர்த்தியபடி, "நான் தெரியாமல் கத்துறன். இவ தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருக்கிறா. நல்ல சோடி" என்றார். பிறகு போமனைப் பார்த்து, தபசு காலம் தொடங்குகிறது, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா முடியும்வரை தான் சீட்டைத் தொடமாட்டேன், முடிந்ததும் இன்னொரு ஆட்டம் வேண்டும் என்று கேட்டார். மூதூருக்கு ஆட்களை ஏற்றும் பெரிய லோஞ்சு பாஸ்காவுக்குப் பிறகுதான் கரையேற இருந்தது. தரைவழி அடைபட்ட காலத்தில் நிறையச் சனத்துக்கு அதுதான் வீதி. போமன் யோசித்தார். "சரி. ஒரு ஆட்டம்" என்றார்.

தபசு காலத்தில் அக்கா இறைச்சி சாப்பிடமாட்டார், பூ வைக்கமாட்டார், அந்த வருடத்திலிருந்து சீட்டும் இல்லை. பழகாமல் போனால் தோற்பது நிச்சயம். இரண்டு நாள் அக்காவின் முகம் வாடிக் கிடந்தது. மூன்றாம் நாள் என்னைப் பொருட்களறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் போல்ட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். நான்கு உலோகம், ஒவ்வொன்றிலும் எட்டு அளவு.

"வெண்கலம் சிவப்பு. அது ஆட்டின். கறுத்த இரும்பு ஸ்கோப்பன். துத்தநாகம் பூசினது கிளாவர். ஸ்டெயின்லெஸ் மினுங்குது, அது டயமன். பெருசு ஜாக், அடுத்த பெருசு ஒன்பது, அப்பிடியே கீழை வா."

"அக்கா, இதுவும் காட்ஸ்தானே?"

"ஆர் சொன்னது? இது போல்ட். நான் ஸ்டோர்க்காரி. போல்ட் எண்ணுறது என்ரை வேலை."

அவருடைய அம்மா இதைக் கேள்விப்பட்டபோது, "இரும்பிலை செய்தாலும் சூது சூதுதான்" என்று செபமாலையை உருட்டிக்கொண்டே சொன்னார். அக்கா அதற்கும் பதில் வைத்திருந்தார். "அப்ப ஆண்டவருக்கு அடிச்ச ஆணியும் காட்ஸோ அம்மா?" அம்மாவின் செபமாலை அவர் முதுகில் விழுந்தது.

ஒவ்வொருவர் கையையும் பெயின்ட் தகரங்களுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு விளையாடினோம். சீட்டைப் போல போல்ட்டை விசிறி பிடித்துப் பார்க்க முடியாது. என்ன இருக்கிறது என்பதை மனதில் வைத்திருக்கவேண்டும், விழுந்தது எது என்பதையும். துறைமுகத்தில், அடியால் நீந்தி வருபவர்களைத் தடுக்க நேவி தண்ணீருக்குள் வெடி போடும் ஒவ்வொரு தடவையும் தளம் அதிரும், முப்பத்திரண்டும் சேர்ந்து கிணுகிணுக்கும். சில நாட்களில் பார்க்காமலே அக்காவின் தகரத்துக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியத் தொடங்கியது. அது மந்திரம் இல்லை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு உலோகத்தில் பெரிய துண்டொன்றை என் பிடிக்குத் தூக்கித் தந்தாரென்றால் அதைவிடப் பெரிய துண்டு அதே உலோகத்தில் அவரிடம் இருக்கும். பொருட்களறையிலும் அப்படித்தான். கடைசி ஒன்றை ஒருநாளும் கொடுக்கமாட்டார்.

ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம். அக்கா கப்ஸ் சொல்ல நினைத்தால் ஒரு பிடி பொறுக்கவேண்டும். நான் நினைத்தால் உடனே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவர் தகரத்தில் ஸ்பானரால் தட்டுவார். அந்தச் சத்தம் இப்போதும் என் பல்லைக் கூசவைக்கும்.

பெரிய வெள்ளி முதல் நாலு நாள் பட்டறை லீவு. தம்பலகாமம் வீதி மூடியிருந்ததால் வியாழன் வேலை முடிந்ததும் நான் அக்காவோடு பாலையூற்றுக்குப் புறப்பட்டேன். லீவு முடிந்த அடுத்த நாள் ஆட்டம். பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று அக்கா போல்ட்டுகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். எனக்குப் பைக்குள் இருப்பது தெரியும். இரண்டு பேருக்கும் அது சீட்டாகவே தெரிந்ததுதான் பிழை. ஒரு மாதமாக வெண்கலத்தைப் பார்த்து ஆட்டின் என்று சொல்லிச் சொல்லி, வேறு கண்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்பதையே மறந்துபோனோம்.

சாவடியில் இருந்த அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது, எனக்குக் கல்லூரியில் பிடித்த கொஞ்சம் சிங்களம் வந்தது. காட்ஸ் என்ற பதில் அவரைக் கோபப்படுத்தியது. பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். பட்டறைக்கு ஆளனுப்பச் சொன்னார். பிறகு எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். லாச்சி மூடும் சத்தத்தில் அக்காவின் கை என் கையைப் பிடித்தது.  இது பிழையாய்ப் போனால் லோஞ்சு மட்டுமில்லை, இருவருடைய வேலையும் போகும், அதற்கு மேலும் போகும்.

நான் மேசைக்குக் கிட்டப் போய், அனுமதி கேட்டு, போல்ட்டுகளை நான்கு வரிசையாக அடுக்கினேன். உலோகம் உலோகமாக, பெரியதிலிருந்து சின்னதுவரைக்கும்.  விளிம்பில் நின்ற வெண்கல ஜாக்கை அதன் இடத்தில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னேன். அதிகாரி நடுவிலிருந்து ஒன்றை எடுத்தார். "இது?" "கிளாவர் பத்து." இன்னொன்று. "ஸ்கோப்பன் ராணி." அவர் நம்பவில்லை. எந்தப் பெயரையும் இந்த நிமிடத்தில் நானே உண்டாக்கலாம் என்றார். அது சரியான கேள்வி. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"அவவை வேறயாய்க் கேளுங்கோ" என்றேன். "நான் வெளியிலை நிக்கிறன். நான் சொன்னதையே அவவும் சொல்லுவா. ஒண்டும் பிசகாது."

சொல்லிவிட்டு வெளியே நடந்தபோதுதான் நான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அக்காவின் கை எனக்குத் தெரியாது. அவர் பயத்தில் எல்லாவற்றையும் மறந்திருக்கலாம். வாயே திறக்காமல் இருக்கலாம். என்றாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எட்டும் எங்களுடையவை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

முதலில் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு அதிகாரியின் குரல், "இது?" இடைவெளி. அக்காவின் குரல், மிகச் சின்னதாக: "கிளாவர் பத்து." "இது?" "ஸ்கோப்பன் ராணி." "இது?" "ஆட்டின் ஒன்பது, சேர். இருபது புள்ளி." குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "இது?" "டயமன் ஏழு. அது ஒண்டுக்கும் உதவாது. அதை வைச்சுக்கொண்டு கேக்கப் போகாதேங்கோ. ஜாக் ஒண்டாவது கையிலை இருக்கவேணும். இஞ்ச பாருங்கோ, இது மூண்டும் ஒரே ஆளிட்டை வந்திட்டுதெண்டால்..." அக்காவின் வாய் திறந்துவிட்டது. இனி அதை மூட நேவியாலும் ஏலாது. காவலுக்கு நின்ற சிப்பாய் சிங்களத்தில் ஏதோ சொன்னான். தன் ஊரிலும் இந்த விளையாட்டு இருக்கிறது, அவ சொல்லுகிறது சரி என்று சொன்னதாக எனக்கு விளங்கியது. நான் சுவரில் சாய்ந்து நின்று, பல வாரங்களுக்குப் பிறகு முதல்தடவையாகச் சத்தமாகச் சிரித்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் போமன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மேசையில் நான்கு வரிசைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இவை எங்கள் பட்டறைச் சாமான், இவர்கள் எங்கள் பிள்ளைகள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதிகாரி அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்து, "இனிக் கடையிலை காட்ஸ் வாங்குங்கோ" என்றார்.  வாசலைத் தாண்டியதும் போமன் கேட்டார்:

"ஸ்டெயின்லெஸ் என்ன இனம்?"

"டயமன்."

"விசர்க் கதை. நாகம் பூசினதெல்லோ டயமனாய் இருக்கவேணும்."

"ஏன் போமன், உங்களுக்கு ஆர் சொன்னது?" அக்கா நடுவீதியில் நின்றுவிட்டார். பாலையூற்றுச் சந்திவரைக்கும் இருவரும் அதைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். சந்தியில் போமன் சைக்கிளில் ஏறி, "லீவு முடிஞ்சு வாங்கோ. காட்ஸோடை" என்றார்.

அந்த ஆட்டத்தின் எல்லாக் கைகளையும் நான் இன்றைக்கும் சொல்லமுடியும். கேட்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்பதால் கடைசிக் கையை மட்டும் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சமமாக நின்றோம். எனக்கு முதலில் வந்த நான்கில் ஆட்டின் ஜாக், ஒன்பது, ஏஸ், கூடவே ஸ்கோப்பன் ஜாக். கேட்டு, ஆட்டினைத் துரும்பாகக் கவிழ்த்து வைத்தேன். துரும்பு வெளியே வந்த பிறகு நான் ஆட்டின் ஜாக்கை இறக்கியபோது அக்காவிடம் ஆட்டின் இல்லை. அந்தப் பிடிக்கு அவர் கிளாவர் ஏஸைத் தூக்கிப் போட்டார். பதினொரு புள்ளியைச் சும்மா தருகிற ஆள் இல்லை அவர். அப்படியென்றால் கிளாவரில் அதைவிடப் பெரியது அவரிடம் இருக்கிறது. ஒன்பது முதலாம் பிடியிலேயே விழுந்துவிட்டது. மிஞ்சியது ஜாக்.

ஐந்து பிடியும் எங்களிடம். என் கையில் மூன்று சீட்டு: ஒருவராலும் வெட்டமுடியாத இரண்டு ஆட்டின், ஒரு கிளாவர் எட்டு. கடலுக்குள் வெடி ஒன்று போட்டார்கள். உருளை அதிர்ந்தது, நட்டுகள் கிணுகிணுத்தன, ஒருவரும் தலை நிமிரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் சாடை என்பார்கள் என்று நான் உருளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கப்ஸ்" என்றேன்.

வெல்டிங் அண்ணை காதிலிருந்த பென்சிலை எடுத்தார். போமன் தன் சீட்டுகளை ஒருதரம் பார்த்தார். "எண்ணிப் பாத்தனியோ பிள்ளை?"

"எண்ணினனான்."

"உன்ரை கையை எண்ணியிருப்பாய். அக்காவின்ரையை?"

"அதையும்தான்."

ஆறாவது, ஏழாவது, இரண்டு ஆட்டின். பிறகு கிளாவர் எட்டை, பெறுமதி இல்லாத அந்தச் சீட்டை, உருளையின் நடுவில் வைத்தேன். வெல்டிங் அண்ணை பத்தைப் போட்டார். அக்கா ஒரு முழு மூச்சு எடுத்துக் கையை ஓங்கினார். கிளாவர் ஜாக் விழுந்த சத்தத்துக்குச் சாய்தளத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போமனின் கடைசிச் சீட்டு என்னவென்று அக்கா பார்க்கக்கூட இல்லை. வெல்டிங் அண்ணையின் பனங்கட்டியை எடுத்து, பாதியைக் கடித்து, மிச்சத்தை என்னிடம் தந்தார். "திண்டு பார். தோத்தவன்ரை பனங்கட்டிக்கு வேற இனிப்பு."

போமன் எழும்பினார். "நாளைக்கு லோஞ்சு ஏறுது. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா. செருப்போடை இறங்க விடமாட்டன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

அடுத்த நாள் சாக்கு ஒன்றை விரித்து லோஞ்சின் அடியில் மல்லாந்து படுத்தேன். மட்டி ஒட்டிய பலகை மூக்குக்கு ஒரு சாண் மேலே. சுழல்தண்டைத் தாங்கும் பிடி தேய்ந்து போயிருந்தது. அதை மரத்தோடு இறுக்கும் நான்கு துளைகளையும் கலிப்பரால் அளந்து, இலக்கங்களை உரத்துச் சொன்னேன். வெல்டிங் அண்ணை எழுதினார். கிரீஸ் உடுப்பில் பட்டது, பழுதானது. பழைய படத்தில் ஒரு துளை சரியான இடத்தில் இல்லை என்பதை அங்கேயே கண்டேன், அங்கேயே சொன்னேன். புதிய பிடி வார்த்து வந்து முதல் தடவையிலேயே அமர்ந்தது. அடியில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள். அந்தச் சத்தத்தை நான் எந்தச் சான்றிதழுக்கும் மாற்றமாட்டேன்.

நான்கு பெரிய வெண்கலப் போல்ட் வேண்டியிருந்தது. பொருட்களறைப் பெட்டியில் மூன்றுதான் இருந்தன. அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெயின்ட் தகரத்துக்குப் பின்னால் கைவிட்டு நான்காவதை எடுத்துத் துடைத்தார். கடைசி ஒன்றை அவர் கொடுத்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். "இந்தா உன்ரை ஜாக். கையெழுத்து வைச்சிட்டுக் கொண்டு போ."

இப்போது அக்கா மன்னாரில். கணவர் கப்பலை விட்டு வந்த பிறகு அங்கே குடியேறிவிட்டார்கள். பாஸ்காவுக்கு அம்மாவைப் பார்க்க வந்தால் பட்டறைக்கும் வருவார். வெல்டிங் அண்ணைதான் இப்போது போமன். கேபிள் உருளை அதே இடத்தில் இருக்கிறது. அளவு எடுப்பது என் வேலை. என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் கீழே இறங்குகிறார்கள், சப்பாத்தோடு. லோஞ்சு மூதூருக்கு ஓடுகிறது. ஆட்டின் ஜாக் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. போன தடவை கரைக்கு ஏற்றியபோது ஸ்பானர் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.